பரிகாசத்துக்கு இலக்கான தாய்

சிறந்த நாவல் ஒன்றை வாலிபத்தில் ஒருமுறையும் நடுவயதில் ஒருமுறையும் படிக்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். புத்தகத்தில் ஓரெழுத்தும் மாறுவதில்லை. ஆயினும் அதிலுள்ள மனிதர்கள் இடம் மாறி நிற்பார்கள். 1813-ம் வருஷத்தில் வெளியான ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' இதற்குத் தக்க உதாரணமாகும்.

கலாசாலைப் பருவத்தில் இதைப் படிப்பவர்கள் பென்னட் என்னும் தந்தையைக் கொண்டாடுவார்கள். அவருடைய ஹாஸ்யமும், மனைவியை அவள் அறியாமலே பரிகசிக்கும் சாதுரியமும் அவர்கள் மனத்தைக் கவரும். அம்மனைவியோ, ஐந்து பெண்களுக்கு மாப்பிள்ளை தேடுவதையன்றி வேறு சிந்தையில்லாத அசட்டு ஸ்திரீயாகவே தோன்றுவாள்.

குடும்பப் பொறுப்பைச் சுமந்த பின்னர் அதே கதையை எடுப்பவர்கள் ஹாஸ்யத்தை விட்டுக் கணக்கைப் பார்க்கிறார்கள். பென்னட்டுக்கு நிலத்திலிருந்து வருஷ வருமானம் 2,000 பவுன். ஆனால் புத்திரன் இல்லாவிடில் அந்த ஆஸ்தி முழுவதும் காலின்ஸ் என்னும் தாயாதியைச் சேரவேண்டுமென்பது சாசனத்தின் நிபந்தனை. தாய்க்கும் பெண்களுக்கும் எஞ்சுவது 5,000 பவுன் மட்டுமே. தாயின் காலத்துக்குப் பின் பெண் ஒருத்திக்கு 1,000 பவுன். நூற்றுக்கு நான்கு வட்டியில் வருஷம் 40 பவுன்! பிள்ளை பிறப்பான், வயது வந்ததும் தம்முடன் சேர்ந்து அந்நிபந்தனையை நீக்குவான் என்று நம்பிய பென்னட், வருமானம் முழுவதையும் செலவிட்டுவந்தார். மகள் லிடியா விக்காமுடன் ஓடிப்போனபோது, பணங்கொடுத்து விவாகத்தை முடித்துவைத்தவர் டார்ஸி, தந்தையல்லர்.

அச்சாசனத்தின் தன்மை எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அத்தாய்க்கு விளங்கவில்லை என்று ஆசிரியை நகையாடுகிறார். மெய்தான். ஆனால் சட்டம் விளங்காவிடினும் அதன் விளைவு அவளுக்கு நன்கு விளங்கியிருந்தது. சட்டம் விளங்கிய கணவரோ அவ்விளைவைத் தடுக்க ஒன்றும் செய்தாரில்லை.

அவள் குறையற்றவளென்று நாம் வாதிக்க வரவில்லை. விருந்தில் வாயடக்கமின்றிப் பேசி மூத்த மகளின் விவாகத்துக்கே இடையூறு தேடியவள் அவள். லிடியாவுக்கு இடங்கொடுத்துக் கெடுத்தவளும் அவளே. எனினும் ஒருவருடைய நடத்தையின் குற்றம் வேறு. அவருடைய கவலையின் நியாயம் வேறு. காலின்ஸை மணந்துகொள்ளும் ஷார்லட்டையும் வாலிபர்கள் இகழ்வார்கள். 27 வயதாகியும் சொத்தில்லாத பெண்ணுக்கு அக்காலத்து இங்கிலாந்தில் வேறு என்ன வழி திறந்திருந்தது என்று கேட்பவர்கள் இகழமாட்டார்கள்.

ஆசிரியை இந்நிலையை நேரில் அறிந்தவர். 1805-ல் தந்தை காலஞ்சென்றபின், அவரும் தாயும் தமக்கையும் சகோதரர்களின் உதவியை நம்பி வாழ்ந்தனர். 1809-ல் ஒரு சகோதரர் அளித்த வீட்டில்தான் நிலையாகக் குடியேறினர்.

நயமாகப் பேசுபவர் பக்கமே தீர்ப்புச் சொல்வது வாலிபத்தின் இயல்பு. பேசத் தெரியாதவர் கட்சியிலும் நியாயம் இருக்கக்கூடுமென்பதை இரண்டாம் வாசிப்பு உணர்த்துகிறது. அவ்வுணர்ச்சி புத்தகத்தோடு நில்லாமல் நம் வீட்டுக் கூடம் வரையிலும் வருமாயின், படித்த பொழுது வீணன்று.