கருவியின் பற்றுவரவு

மேதை எந்தக் குழாயை ஊதினாலும் சங்கீதம்தான் என்பது நம் நண்பர்களிடையே புழங்கும் சௌகரியமான பொய். 1953இல் டொரண்டோவில் சார்லி பார்க்கர் பிளாஸ்டிக் சாக்ஸபோன் வாசித்ததை உதாரணம் காட்டுகிறார்கள். வாசித்தது உண்மை. அதிலிருந்து ஒரு சித்தாந்தம் பிறந்துவிடாது. அதே ஆண்டு நியூயார்க்கில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் டிரம்பெட் மேல் யாரோ விழ, அதன் அகன்ற முனை மேல்நோக்கி வளைந்துவிட்டது. ஊதிப் பார்த்தார், தன் நாதம் தன் காதுக்கே சீக்கிரம் எட்டுவதைக் கண்டார். பிறகு அப்படியே வளைத்துச் செய்யச் சொல்லி வாங்கினார். விபத்தைத் தேர்வாக்கியது காது.

மவுத்பீஸ் விஷயமும் இதுதான். கிண்ணம் ஆழமில்லாவிட்டால் உச்ச ஸ்வரங்கள் சுலபம், நாதம் கூர்மை. ஆழமானால் நாதம் கனக்கும், உச்சத்தில் உதடு சோரும். பாங்கில் பற்று வரவு எழுதுகிறவன் நான். இரண்டு பத்தியிலும் வரவே வைக்க முடியாது. 1950களில் மைல்ஸ் டேவிஸ் உச்சத்தைத் தேடிப் போகாமல் நடு ஸ்தாயியில் தன் குரலைக் கண்டார். அவர் வாசித்த மார்ட்டின் டிரம்பெட்டை வாங்கியவர்களெல்லாம் மைல்ஸ் ஆகிவிடவில்லைதான். ஆனால் எதை இழக்கலாம் என்று தெரியாதவனுக்கு எல்லாக் கருவியும் ஒன்று. அதற்குப் பெயர் மேதைமை அல்ல, செவிடு.