திறவுகோல் யார் கையில்?

ஆதரவற்ற சிறுவருக்காக ஆலய வாயிலில் உண்டியல் வைத்தால் அது ஞாயிறு மாலைக்குள் நிறைந்துவிடும். நம் மக்களின் ஈகை அத்தகையது. அதே வாயிலில், கூர்நோக்கு இல்லத்திலிருந்து வெளிவரும் சிறுவருக்கென ஓர் உண்டியலை வைத்துப் பாருங்கள். "திருடனுக்கு எதற்குச் சாமி தர்மம்?" என்ற கேள்வி காசு விழுமுன்னே வந்து விழும். பெற்றோரை இழந்த குழந்தை நம் பரிவுக்கு உரியது. பிறர் பொருளில் கைவைத்த குழந்தை காவல் நிலையத்துக்கு உரியது என்று நாம் எப்போதோ பாகப்பிரிவினை செய்துவிட்டோம். முன்னதைத் திருச்சபைக்கும் பின்னதை அரசுக்கும் எழுதி வைத்துவிட்டோம். இப்பாகப்பிரிவினை நற்செய்திக்கு முரணானது. அதைவிடக் கொடிது ஒன்றுண்டு. பின்னவர்க்காகப் பாடுபடுவதாகப் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் நம் தொண்டு அமைப்புகளின் தலைமையிலும் இதே பிரிவினை குடியேறியிருக்கிறது. இவ்விரண்டையும் பற்றியே இக்கட்டுரை.

கடம்பத்தூரைச் சுற்றியுள்ள வட்டாரத்தை அறிந்தவர்க்கு விளக்கம் தேவையில்லை. ஒருபுறம் செங்கற்சூளைகள், மறுபுறம் காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகள், நடுவே சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் இடையே ஓடும் இரயில். ஒப்பந்தக்காரர் விரும்பினால் வேலை, விரும்பாவிடில் பட்டினி என்றிருக்கும் வீடுகளிலிருந்து சிறுவர்கள் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நழுவுகிறார்கள். செம்புக் கம்பியும் பழைய மின்கலமும் காயலான் கடையில் கேள்வியின்றி விலைபோகும் என்பதை அவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். விலைகொடுத்து வாங்கியவர் கடையிலேயே அமர்ந்திருக்க, கொண்டுவந்த சிறுவன் மட்டும் பிடிபடுகிறான். பிடிபட்டவன் செங்கல்பட்டுக்கு அனுப்பப்பட்டால், அவனைக் காணப் புறப்படும் தாய் அரக்கோணத்தில் இறங்கி, காஞ்சிபுரம் வழியாகச் செல்லும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். ஒருநாள் கூலியை இழந்தால்தான் மகனின் முகத்தைப் பார்க்க இயலும்.

அங்கே அவனுக்கு என்ன நேரலாம் என்பதையும் நாம் கண்டோம். தாம்பரத்தில் திருட்டு வழக்கில் பிடிபட்ட பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன், 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் உயிரிழந்தான். உடற்கூறாய்வு அவன் தாக்கப்பட்டதை வெளிப்படுத்திய பின்னர், அவனைக் காக்க வேண்டிய பணியாளர் அறுவர் கைதாயினர். இதையடுத்து, இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது. 2023இலேயே அவர் அறிக்கையும் அளித்தார். அச்சிறுவனுக்காக எத்தனை பங்குகளில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது? எத்தனை அன்பியங்களில் அவன் தாய்க்காக ஒரு மன்றாட்டு எழுந்தது? விடையை வாசகரே அறிவர்.

"தந்தையே, நீங்கள் ஒருபக்கம் மட்டுமே பேசுகிறீர்கள்" என்று இங்கே சிலர் குறுக்கிடுவர். அவர்கள் சொல்வதையும் கேட்போம். 2025 டிசம்பர் இறுதியில், நம் வழித்தடத்து மின்தொடர் வண்டியில் வந்த வடமாநிலத் தொழிலாளி ஒருவரைப் பதினேழு வயதினர் நால்வர் திருத்தணியில் அரிவாளால் வெட்டி, அதனைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பரப்பினர். அக்காட்சியைக் கண்டு நெஞ்சு நடுங்காதவர் இல்லை. பிழைப்புத் தேடி வந்தவனின் குருதியைக் கேளிக்கையாக்கிய செயலை எந்தச் சொல்லாலும் நியாயப்படுத்த முடியாது. வெட்டுண்டவனின் கட்டிலருகே செல்லாத திருச்சபைக்கு வெட்டியவனைப் பற்றிப் பேச உரிமையுமில்லை. இதனை ஐயமின்றி ஒப்புகிறேன்.

ஆயினும், "இவர்களைத் தூக்கிலிடுங்கள்; வயதென்ன வயது" என்று ஆலய முற்றத்தில் ஒலிக்கும் குரலுக்கு மறுமொழி தந்தே ஆகவேண்டும். முதல் கொலைகாரனாகிய காயினை யாரும் கொன்றுவிடாதபடி அவன்மீது அடையாளம் இட்டவர் ஆண்டவரே. தண்டனையை அவர் நீக்கவில்லை, அழிவைத்தான் தடுத்தார். நம் நாட்டுச் சட்டமும் அவ்வழியே நடக்க நீண்டகாலம் முயன்றுள்ளது. இந்திய மாகாணங்களிலேயே முதன்முதலாகச் சிறாருக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது நம் சென்னை மாகாணம், ஆண்டு 1920. சிறைகளில் வாடிய சிறாருக்காக இதழாளர் ஷீலா பார்சே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 1986இல் நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஆண், பெண் இருபாலருக்கும் பதினெட்டு வயதையே எல்லையாக்கியது. 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமையில் ஈடுபட்ட அறுவருள் ஒருவன் பதினெட்டு நிரம்பாதவன். அவன் விடுதலையான சில நாள்களிலேயே, 2015 டிசம்பர் 22 அன்று, புதிய சட்டத்துக்கு மாநிலங்களவை ஒப்புதல் அளித்தது. கொடுங்குற்றம் புரிந்த பதினாறு வயதினரையும் பெரியவராக எண்ணி விசாரிக்க அச்சட்டம் வழிதிறந்தது. எனவே, "சட்டம் இவர்களைச் செல்லம் கொஞ்சுகிறது" என்போர் பத்தாண்டுகளுக்கு முந்தைய கதையையே இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கின்றனர்.

அளவையும் நோக்குவோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஏறத்தாழ 44 கோடி. சிறார்மீது 2022இல் பதிவான வழக்குகள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 30,555. அதற்கு முந்தைய ஆண்டில் 31,170. தலைமுறையே கெட்டுவிட்டது என்று புலம்புவோர் இவ்வெண்களைத் தம் உள்ளங்கையில் எழுதிக்கொள்வது நலம். கெட்டிருப்பது தலைமுறையன்று, கைவிடப்பட்ட சில ஆயிரவரை மீட்க நமக்கு மனமில்லாமையே நம் நோய்.

இனி நம் வீட்டுக்குள் நுழைவோம். இச்சிறாருக்காக உழைக்கும் தொண்டு அமைப்புகள் தமிழகத்தில் உண்டு. சென்னையின் அன்பு இல்லம் வழியாகச் சலேசியர் தெருவோரச் சிறாரிடையே ஆற்றிவரும் பணி பலரும் அறிந்தது. வழக்குரைஞரும் சமூகப்பணியாளரும் எவ்வித விளம்பரமுமின்றி இளைஞர் நீதிக் குழுமங்களின் வாயிலில் காத்துக்கிடப்பதும் உண்மை. அவர்களை வணங்குகிறேன். எனினும், இத்தகைய அமைப்புகளை நடத்துவோர் யாவர்? ஆட்சிக்குழுப் பட்டியலைப் புரட்டினால் ஒரு குருவானவர், ஓர் அருட்சகோதரி, ஓய்வுபெற்ற அதிகாரி, கல்லூரிப் பேராசிரியர், நன்கொடையாளர் ஆகியோரைக் காண்போம். கூர்நோக்கு இல்லத்தின் இரும்புக் கதவுக்குப் பின்னே இளமையைக் கழித்து மீண்டவர் ஒருவர்? இல்லை. மகனைக் காண அரக்கோணத்தில் வண்டிக்காகக் காத்திருந்த தாய் ஒருத்தி? இல்லை. அவர்கள் ஆண்டறிக்கையில் 'பயனாளிகள்' என்ற தலைப்பின்கீழ் எண்களாக இருக்கிறார்கள்.

இதன் விளைவைக் காணுங்கள். கருத்தரங்குகள் குளிரூட்டிய விடுதிகளில் ஆங்கிலத்தில் நடக்கின்றன. நிதி தருவோர் உள்ளம் உருகவேண்டுமென்று சிறுவரின் முகங்கள் சுவரொட்டியாகின்றன. அச்சிறுவரின் அடையாளத்தை வெளியிடலாகாது எனச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுப்பதை, சட்டம் கற்பிக்கப் புறப்பட்டவர்களே மறக்கிறார்கள். இயக்குநராக வரும் குருவானவர் பணியைப் புரிந்துகொள்வதற்குள் மாற்றல் கடிதம் வந்துவிடுகிறது. அவரை அப்பா என்றழைக்கத் தொடங்கிய சிறுவன் இரண்டாம் முறையாக அனாதையாகிறான். குருக்கள் அல்லாதோர் நடத்தும் சில அமைப்புகளிலோ இதற்கு நேர்மாறான நோய்: நிறுவியவரே ஆயுட்காலத் தலைவர், அவருக்குப் பின் அவர் மகன். இரண்டு நோய்க்கும் வேர் ஒன்றே. யாருடைய வாழ்வு பணயமாக இருக்கிறதோ, அவர்களுக்கு முடிவெடுக்கும் மேசையில் இருக்கை இல்லை.

"குற்றம் புரிந்தவனை நம்பிக் கணக்குப் புத்தகத்தைக் கொடுப்பதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இதே கேள்வியைக் கலிலேயக் கடற்கரையிலும் கேட்டிருக்கலாம். ஒரு வேலைக்காரப் பெண்ணின் முன்னே ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்தவரிடம்தான் மந்தை ஒப்படைக்கப்பட்டது. விண்ணரசின் திறவுகோல்களைப் பெற்றவரும் அவரே. அவர் தவறிய பின்னும் அவை வேறொருவர் கைக்கு மாறவில்லை. திருச்சபையைத் துன்புறுத்தியவர் பிற இனத்தாரின் திருத்தூதரானார். அந்தப் பவுலடியார் சிறையிலிருந்து பிலமோனுக்கு எழுதிய மடலின் பொருளும் இதுவே. தலைவனைவிட்டு ஓடிப்போன ஒனேசிமுவை மன்னித்து ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுமாறு அவர் வேண்டவில்லை. தம்மையே ஏற்பதுபோல் உடன்பிறப்பாக ஏற்குமாறு வேண்டினார், கடன் இருந்தால் தம் கணக்கில் எழுதச் சொன்னார். மறுதலித்தவரைத் தலைவராக ஏற்றுக் கட்டப்பட்ட திருச்சபையின் பிள்ளைகள், தம் சங்கத்தின் செயற்குழுவில் ஒரு பழைய கைதிக்கு நாற்காலி போடத் தயங்குவது விந்தையன்றோ!

புனித தொன் போஸ்கோவின் படம் இல்லாத கத்தோலிக்கப் பள்ளி அரிது. அவர் பணி எங்கே வேர்விட்டது என்பதை மட்டும் மறந்துவிட்டோம். புனித யோசேப்பு கஃபாசோவோடு தூரின் நகரச் சிறைகளுக்குச் சென்ற இளங்குரு, விடுதலையாகிச் சென்ற சிறுவரே மீண்டும் சிறைக்குத் திரும்புவதைக் கண்டார். வெளியே அவர்களுக்கென ஒருவரும் இல்லாமையே காரணம் எனத் தெளிந்தார். 1859இல் அவர் சலேசிய சபையைத் தொடங்கியபோது உடன் நின்றோருட் பெரும்பாலோர் அவரே வளர்த்த இளைஞர். அவருக்குப்பின் சபையை வழிநடத்திய மிக்கேல் ரூவா அவரிடம் சிறுவனாக வந்தவர். ரூவா குற்றம் புரிந்தவரல்லர், அது வேறு. யாருக்காகப் பணி நடந்ததோ அவர்களிடமே பணியை ஒப்படைத்தார் தொன் போஸ்கோ என்பதே கருத்து. 1906இல் தஞ்சைக்கு வந்த சலேசியர் இம்மரபையும் உடன் கொணர்ந்தனர். அதை நாம் படமாக்கி மாலை சூட்டினோம், முறையாக்கிப் பின்பற்றவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் பொறுப்பேற்றபின் வந்த முதல் பெரிய வியாழனன்று, 2013 மார்ச் 28இல், உரோமையின் காசல் தெல் மார்மோ சிறார் சிறையில் பன்னிரு இளையோரின் பாதங்களைக் கழுவினார். 2023இல் மீண்டும் அங்குச் சென்றார். நம் பங்குகளில் பாதம் கழுவப்படுவோர் யாவர் என்று எண்ணிப் பாருங்கள்: பங்குப் பேரவையின் செயலர், பொருளர், திருவிழாக் கொடையாளர்!

பொதுநிலையினரே, உங்களிடம் நான் பரிதாபத்தை இரக்கவில்லை, பங்கேற்பையே கேட்கிறேன். இளைஞர் நீதிக் குழுமம் ஒவ்வொன்றிலும் நடுவரோடு இரு சமூகப்பணியாளர் அமர்கின்றனர். அவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். குழந்தைகளின் கல்வி, நலவாழ்வு, நலப்பணி ஆகியவற்றில் ஏழாண்டுகள் உழைத்தவர் அப்பொறுப்புக்கு விண்ணப்பிக்கலாம். நம் பள்ளிகளில் முப்பதாண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியைகள் எத்தனை பேர்! இவ்விடங்களுக்கு அவர்கள் ஏன் விண்ணப்பிப்பதில்லை? தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளராகவும் பணியாளர் அலுவலராகவும் இருக்கும் நம்மவர் பலர். சிறுவயதில் பெற்ற தண்டனை பின்னாளில் எவ்விதத் தகுதியிழப்பையும் தரலாகாது என்கிறது சட்டத்தின் 24ஆம் பிரிவு. கடம்பத்தூர்ச் சிறுவன் ஒருவன் பதினெட்டு வயதில் வேலை கேட்டு வாயிலில் நிற்கும்போது, அவன் பழைய கதையைக் கிளறாமல் கதவைத் திறக்கும் கை உங்களுடையதாக இருக்கலாகாதா?

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெற்ற நிதியைப் பிற அமைப்புக்கு வழங்குவதையும் தடுத்தது. செருமனியிலிருந்து வரும் என்று காத்திருந்த காலம் முடிந்தது. அதனால் ஒரு நன்மையும் உண்டு. தேர்த்திருவிழாவின் வாணவேடிக்கையில் ஒரு பங்கை ஒதுக்கினால், தாயொருத்தியின் பயணச் செலவும் ஒரு வழக்குரைஞரின் எளிய ஊதியமும் நம் கையாலேயே நிறைவேறும். நம் காசு செல்லும்போது, கணக்குக் கேட்கும் உரிமையும் நமக்கு வரும். அவ்வுரிமையால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: "உங்கள் ஆட்சிக்குழுவில், நீங்கள் யாருக்காக உழைக்கிறீர்களோ அவர்களுள் எத்தனை பேர்?"

அவசரம் வேண்டாம் என்பர் சிலர். இருவரை நியமிக்க எத்தனை ஆண்டுகள் தேவை? இல்லத்திலிருந்து மீண்டு நேர்மையாக உழைத்து வாழும் ஒருவர், தன் பிள்ளையை அங்கே விட்டுத் தவித்த தாய் ஒருத்தி என இவ்விருவரையும் வாக்குரிமையோடு குழுவில் அமர்த்தட்டும். மேடையில் சாட்சி சொல்லவைத்துக் கைதட்டி அனுப்பும் வழக்கம் போதும். அவர்கள் சொல்வது நமக்குக் கசக்கும். நம் கூட்டங்கள் நீளும். நாம் நடத்தும் இல்லங்களின் குறைகள் நம் முகத்துக்கு நேரே எடுத்துரைக்கப்படும். அக்கசப்பை விழுங்க மறுக்கும் அமைப்பு, சீர்திருத்தம் என்ற சொல்லைத் தன் பெயர்ப்பலகையிலிருந்து அகற்றிவிடலாம்.

சிறையில் இருந்தேன், என்னைக் காண வந்தீர்களா என்னும் பொருளில் இறுதி நாளில் நம் ஆண்டவர் கேட்பார் என்று மத்தேயு எழுதி வைத்துள்ளார். அவர் எத்தனை கருத்தரங்கு நடத்தினோம் என்று கேட்கப்போவதில்லை. சிலுவையின் உச்சியிலிருந்து அவர் தம்மோடு விண்ணகத்துக்கு அழைத்துச் சென்ற முதல் மனிதர் ஒரு குற்றவாளி. விண்ணக வாயில் திறந்தபோது அந்தக் கள்ளன் உள்ளே நுழைந்துவிட்டான். நம் சங்க அலுவலகத்தின் வாயில்தான் இன்னும் பூட்டிக் கிடக்கிறது.