கிரையான்ஸை யார் எடுத்து வைக்கிறது?

1/ "பையன் சூப்பரா வரைவான் சார்"னு ஓபி-யில ஒரு அம்மா போன்ல படம் காட்டினாங்க. நல்லாத்தான் இருந்தது. வரைஞ்சு முடிச்சதும் யார் எடுத்து வைப்பாங்கன்னு கேட்டேன். "அவங்க அக்கா." அக்காவுக்கு வயசு 8. பையனுக்கு 6.

2/ அவங்க வந்ததே கடைக்குட்டிக்காக. 11 மாசம். தரையில கிடந்த ஸ்கெட்ச் பேனா மூடியை வாயில போட்டுட்டான். நல்லவேளை, பாட்டி பார்த்து எடுத்துட்டாங்க. மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா உயிருக்கே ஆபத்து.

3/ திட்டு வாங்கினது யாரு? அக்கா. "ஒழுங்கா எடுத்து வெச்சியாடி?" வரைஞ்சவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

4/ தயவுசெஞ்சு புரிஞ்சுக்கோங்க. மூடி போட்டு, பிரஷ் கழுவி, டப்பாவுல வெச்சாத்தான் வரைஞ்சு முடிஞ்சதுன்னு அர்த்தம்.

5/ 12 பேனா, 11 மூடி. எது காணோம்? கட்டிலுக்கு அடியில தேடணும். எண்ணிக்கை, நிறம், ஞாபகம், பொறுமை எல்லாம் அதுல இருக்கு. மூடாத பேனா காய்ஞ்சு போகும். நீங்க திட்டவே வேண்டாம், காய்ஞ்ச பேனாவே சொல்லிக் கொடுக்கும். மறுநாளே புது செட் வாங்கிக் கொடுக்காம இருந்தா போதும்.

6/ 1907-ல ரோம்ல ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தின மரியா மாண்டிசோரியும் டாக்டர்தான். எடுத்த பொருளை எடுத்த இடத்துல வைக்கிறது அவங்க முறையில பாடத்தோட ஒரு பகுதி. 1939-ல நம்ம அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. நாம அந்தப் பேர் போட்ட ஸ்கூலுக்கு ஃபீஸ் கட்டுவோம். வீட்டுல பிள்ளை பின்னாடியே பொறுக்கிட்டுப் போவோம்.

7/ "நானே செஞ்சா 2 நிமிஷம் சார்." ஆமா. அவன் செஞ்சா 15 நிமிஷம். பக்கத்துல உட்காருங்க, கை வைக்காதீங்க. 3 வயசுக் குழந்தைக்கு "ரூமை க்ளீன் பண்ணு" புரியாது. "சிவப்பெல்லாம் இந்த டப்பாவுல போடு" புரியும். தண்டனையா மட்டும் ஆக்கிடாதீங்க.

8/ "பொம்பளப் புள்ள கத்துக்கணும்ல?" கத்துக்கட்டும், அவ வரைஞ்சதை அவ எடுத்து வைக்கட்டும். தம்பியோடதை எதுக்கு? வார்டுல தினமும் பார்க்கிறேன். 50 வயசு ஆளுக்குத் தான் சாப்பிடுற சுகர் மாத்திரை எதுன்னு தெரியாது. "வீட்டுக்காரிக்குத்தான் தெரியும் சார்." அவருக்கும் சின்ன வயசுல யாரோ எடுத்து வெச்சிருப்பாங்க.

9/ இன்னைக்கு ராத்திரி வீட்டுல மூடியை எண்ணுங்க. வரைஞ்சவனை விட்டே எண்ணச் சொல்லுங்க.