துடைப்பமும் செபமாலையும்

பத்தாம் வகுப்பு மாணவி

மறைப்பணி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது எது? கடல் கடந்து செல்லும் கப்பல், அடர்ந்த காடு, சிலுவையை உயர்த்திப் பிடித்த கை, இறுதியில் வீரமரணம்! இவை யாவும் நடந்தவையே. ஆயினும் அந்நிய நாட்டில் ஒரு மறைப்பணியாளரின் முதல் நாட்கள் பெரும்பாலும் வாளியோடும் துடைப்பத்தோடுமே கழிகின்றன. அந்த நாட்களில்தான் அவருடைய விசுவாசம் உரசிப் பார்க்கப்படுகிறது என்பது நம் கருத்து. இதற்குப் புனித மரியான் கோப் அன்னையின் வாழ்க்கையே சான்று.

1838ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த அவர், சிறு குழந்தையாக இருந்தபோதே பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். துறவியாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் தந்தை நோயுற்றதால் குடும்பப் பாரம் அவர் தோள்மேல் விழுந்தது. பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஆலை வேலைக்குப் போனார். தந்தை இறந்து, தம்பி தங்கையர் தம் காலில் நிற்கும் நிலை வந்தபின், 1862இல்தான் சிரக்யூஸ் நகரில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். பெற்றோருக்குச் செய்யும் கடமையும் இறைவனின் அழைப்பில் ஒரு பகுதியே என்பதை இதிலிருந்து நாம் உணரலாம் அல்லவா?

பின்னர் மருத்துவமனை நிர்வாகியாகவும் சபைத் தலைவியாகவும் உயர்ந்தார். 1883இல் ஹவாய்த் தீவுகளிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொழுநோயாளரைப் பராமரிக்க அருட்சகோதரிகள் வேண்டும் என்று மன்னர் கலாகௌவாவின் சார்பில் எழுதப்பட்ட கடிதம் அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவற சபைகள் இதே வேண்டுகோளை ஏற்க இயலாது என்று சொல்லியிருந்தன. அவற்றைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. அந்நாளில் அந்நோய்க்கு மருந்து கிடையாது. மரியான் அன்னையோ எந்த நோய்க்கும் அஞ்சவில்லை என்று பதில் எழுதினார். சபையில் முப்பத்தைந்து சகோதரிகள் முன்வந்தனர். அவர்களுள் அறுவரை அழைத்துக்கொண்டு, அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். பேராலய மணிகள் ஒலித்து வரவேற்றன.

மணியோசை அடங்கியபின் அவர்கள் கண்டது என்ன? ககாகோ என்னும் இடத்தில் இருந்த மருத்துவமனை நூறு பேருக்கெனக் கட்டப்பட்டது. அங்கே இருநூறுக்கும் மேற்பட்டோர் அடைந்து கிடந்தனர். எங்கும் அழுக்கு, துர்நாற்றம், கவனிப்பாரற்ற புண்கள். பெரிய நகரில் மருத்துவமனையையே நிர்வகித்த அம்மையார் முதலில் தரையைக் கழுவினார். பிறகு புண்களைக் கழுவிக் கட்டினார். சில வாரங்களில் ஊர் திரும்பலாம் என்று எண்ணி வந்தவர், முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்!

அழுக்கை விடக் கொடியது ஒன்றும் அங்கே இருந்தது. அரசு நியமித்திருந்த மேற்பார்வையாளர் நோயாளிகளைத் துன்புறுத்தி வந்தார். பொறுமையே துறவிக்கு அழகு என்று அன்னை வாளாவிருந்தாரா? இல்லை. அவரை நீக்குங்கள், இல்லையேல் நாங்கள் ஊர் திரும்புகிறோம் என்று அரசிடம் உறுதியாகக் கூறினார். அரசு இணங்கியது, பொறுப்பு முழுவதும் அன்னையின் கைக்கு வந்தது. அடக்கம் பெண்ணுக்கு அணிகலன் என்று நமக்கு ஓயாது சொல்லப்படுகிறது. எளியவர் அடிபடும்போது வாய்மூடி இருப்பது அடக்கம் ஆகாது என்பதை அன்னை காட்டிவிட்டார்.

விசுவாசம் இருந்தால் நோய் அணுகாது என்று சிலர் எண்ணக்கூடும். அன்னை அவ்வாறு இருந்துவிடவில்லை. உங்களில் எவருக்கும் இந்நோய் வராது என்று சகோதரிகளுக்கு அவர் நம்பிக்கையூட்டினார். அதே வாயால், கைகளை நன்கு கழுவுங்கள், தூய்மை விதிகளை மீறாதீர்கள் என்றும் கட்டளையிட்டார். சிற்றாலயத்தில் குவித்த கைகளைச் சோப்பும் நீரும் இட்டுக் கழுவவும் வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். அவருடைய சகோதரிகளில் ஒருவருக்கும் தொழுநோய் வரவில்லை.

1885இல், நோயாளிகளின் நலமான பெண் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் திறந்தார். 1888இல் இரு சகோதரிகளுடன் மொலோக்காய்த் தீவின் கலாபாபாவுக்கே குடிபெயர்ந்தார். நோய் வந்தவர்களைச் சட்டப்படி குடும்பத்திலிருந்து பிரித்து அனுப்பிய இடம் அது. அங்கே தொழுநோயாளருக்கென உழைத்துத் தாமும் அந்நோய்க்கு ஆளான தந்தை தமியான் 1889 ஏப்ரலில் இறந்தபோது, அவர் விட்ட பணியைத் தொடர அன்னை அருகில் இருந்தார். நோயுற்ற சிறுமியர்க்கு நல்ல ஆடைகள் தைத்துக் கொடுத்தார், தோட்டம் போட்டார், மரம் நட்டார். சாகப் போகிறவர்களுக்கு இவை எதற்கு என்று உலகம் கேட்கும். வாழும் நாள்வரை அவர்களும் நம்மைப் போன்ற பெண்களே என்பதுதான் அன்னையின் விடை. 1918இல் அங்கேயே கண்மூடினார். 2012இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

இன்று தொழுநோய்க்கு நல்ல மருந்து உண்டு, முழுமையாகக் குணமாகிறது. ஆனால் அதைக் கண்டு விலகி ஓடும் மனநோய் இன்னும் முற்றிலும் தீரவில்லை. மறைபரப்பு ஞாயிறன்று உண்டியலில் காசு போட்டவுடன் நம் கடமை முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். காசு வேண்டியதுதான். ஆயினும் வகுப்பில் எவரும் அருகில் உட்கார விரும்பாத தோழியின் பக்கத்தில் உட்காரவும், வீட்டில் படுத்திருக்கும் பாட்டியின் படுக்கையை முகம் சுளிக்காமல் மாற்றவும் பணம் தேவையில்லை.

தோழியரே! நம்மில் எத்தனை பேர் கடல் கடந்து போவோம் என்பதை இறைவனே அறிவார். துடைப்பம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. அதை அன்போடு கையில் எடுக்கும் இடமே நம் மறைப்பணித் தளம். இன்றே தொடங்குவோமாக!