ஆராய்ச்சியில் நம் பெண்டிருக்கும் இடம் வேண்டும்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அதனை அறிவிக்குமுன் ஒவ்வொரு பாரிலிருந்தும் மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிடுவது வழக்கம். ஒரு பாரின் சிப்பியைக் கொண்டு மற்றொரு பாரை எவரும் விலை பேசியதில்லை. 1961க்குப் பின் இக்கரையில் அக்குளிப்பு இல்லை. ஆயினும் அம்முறை மறக்கத் தக்கதன்று.

மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் அது மறக்கப்பட்டிருக்கிறது. மருந்தின் அளவையும் பரிசோதனைக்குரிய வயதையும் வகுத்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை மேனாட்டு வெள்ளையின மாதரிடையே நடந்தவை. நம் நாட்டிலோ இந்நோய் அங்கிருப்பதைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே காண்கிறது. உப்பளத்தில் சுமப்பவளுக்கும் தறியில் அமர்பவளுக்கும் அந்த அளவுகோல் அப்படியே பொருந்துமா?

ஏழைப் பெண்களைக் கொண்டு பேராய்வு நடத்த இயலாது என்பார் உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998இல் தொடங்கிய ஆய்வே அதற்கு விடை. குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த, 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றனர். விலையுயர்ந்த எந்திரம் ஏதுமில்லை. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் ஒரு பகுதியினரை இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தனர். மற்றப் பகுதியினருக்கு நோய் பற்றிய விளக்கம் மட்டுமே. 2021இல் வெளியான முடிவின்படி, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவரிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இளையோரிடம் அப்பயன் தெளிவாகப் புலப்படவில்லை என்பதையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். ஒரு பகுதியினருக்குச் சோதனை அளிக்காதது முறையா என்ற கண்டனமும் எழுந்தது. அக்கேள்வி நியாயமானதென்றே நான் கருதுகிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் திறக்கப்பெற்ற புற்றுநோய் நிலையம் நம் மாகாணத்தின் பெருமை. ஆயினும் தூத்துக்குடியிலிருந்து அது ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவு. கூலி இழந்து அங்கே சென்று வருவார் எத்தனை பேர்? தணிக்கைக்குச் சென்ற ஓர் ஊரில் அங்கத்தினர் ஒருவர், "வலி இல்லை ஐயா, அதனால் யாரிடமும் சொல்லவில்லை" என்றார். வலியில்லாத கட்டியே அஞ்சத் தக்கது என்பதை அவருக்கு எவரும் சொன்னதில்லை.

ஆகவே ஆராய்ச்சியாளரே நம் ஊர்களுக்கு வரவேண்டும்; சங்கக் கட்டடத்தை அவர்களுக்குத் திறந்துவிடலாம். பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடு செய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இடந்தருகின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் பெறுகையில் சார்பற்ற சாட்சி ஒருவர் இருக்க வேண்டும் என்றும் அவை விதிக்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை: அச்சாட்சி சங்கச் செயலாளராக இருத்தல் கூடாது. கடன் கொடுத்த இடத்திலிருந்து கேட்கப்படும் சம்மதம் சம்மதமாகாது. மறுத்தவருடைய கடன் மனுவோ பாவு நூலோ ஒரு நாளும் தடைப்படாது என்று நிர்வாகக் குழு முன்னதாகவே தீர்மானம் நிறைவேற்றி, அதனை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு, பொதுச்சபையில் உரக்கப் படித்தும் காட்ட வேண்டும்.