பிறந்த மண்ணிலே பிரசையானேன்

நமது கல்லூரிப் பழைய மாணவர் வெளியிடும் மலர்களைத் தொடர்ந்து படித்து வருவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். ரொறன்ரோவிலும் நியூயோர்க்கிலும் சிட்னியிலும் குடியேறிய நம்மவர் சிலர், தாம் அவ்வந்நாட்டுப் பிரசைகளான வரலாற்றை உவகையோடு எழுதுகின்றனர். மண்டபத்திலே கொடி நிற்கும். அதிகாரி ஒருவர் முன்னிலையிலே வலக்கரம் உயர்த்திச் சத்தியஞ் செய்வர். மனைவி மக்களோடு புகைப்படம் பிடித்துக்கொள்வர். 1977ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கனடியச் சட்டம், நான்கு ஆண்டுகளுள் மூன்று ஆண்டுகள் அந்நாட்டில் வதிந்தவரை விண்ணப்பிக்க அனுமதித்தது. என்னோடு விடுதியிலே ஒரே மேசையில் உணவுண்ட நண்பரொருவர் அச்சட்டத்தின் கீழே கனடியரானார். அவர் அனுப்பிய புகைப்படம் இன்றும் என்னிடம் உள்ளது.

அவருடைய மகிழ்ச்சியைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. நானும் விண்ணப்பத்தாலும் சத்தியக்கடதாசியாலும் பிரசையானவனே. ஆயின், அவர் கடல் கடந்து சென்று பெற்றதை நான் பிறந்த இடத்தை விட்டு அகலாமலே பெற்றேன். ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையிலுள்ள ஒரு தோட்டத்து லயன் காம்பராவிலே 1958ஆம் ஆண்டு பிறந்தேன். என் தந்தையாரும் அதே தோட்டத்திலேதான் பிறந்தார். அங்ஙனமிருந்தும் முப்பது வயது வரை எந்நாட்டுக்கும் உரியவனல்லேன் என்ற நிலையிலே வாழ்ந்தேன். நாடற்றவர் என்ற சொல் அக்காலத்துப் பத்திரிகைகளிலே அடிக்கடி வரும். எங்களைக் குறித்துக் 'கள்ளத்தோணி' என்ற சொல்லும் வழங்கிற்று. தோணியையே கண்டறியாத மலைநாட்டுக் குழந்தைக்கு அப்பெயர்!

இஃது எங்ஙனம் நேர்ந்ததென்பதை இளந்தலைமுறையினர் பலர் அறியார். 1931ஆம் ஆண்டு இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளரிற் பலரும் வாக்காளராயினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமான் அவர்களும், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களும், வேறு சிலரும் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பிலே பாராளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிலே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. என் பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்தவர். ஆகவே என் தந்தையார் பரம்பரைப் பிரசையல்லர். அவர் பிரசையல்லராதலால், சட்டம் வந்தபின் பிறந்த நானும் அல்லேன். தேர்தற் சட்டமும் 1949இல் திருத்தப்பட்டு, பிரசையல்லாதார் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஒருவர்தாமும் வரவில்லை. அதன்பின் மலையகத் தமிழரொருவர் மக்கள் வாக்கினாலே பாராளுமன்றம் செல்வதற்கு 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. இச்சட்டங்கள் ஓரினத்துக்கு எதிராகப் பாரபட்சங் காட்டுவன அல்லவென்று 1953இல் அங்கே தீர்ப்பாயிற்று.

வாயில் முற்றாக அடைக்கப்பட்டதென்று கூறுவதும் முறையன்று. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயிற் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நாட்டுதல் வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் வதிவு அறுந்ததாகக் கொள்ளப்படும். விண்ணப்பிக்க இரண்டாண்டுத் தவணை. முதலில் இத்திட்டத்தைப் பகிஷ்கரித்த தலைவர்களும் பின்னர் விண்ணப்பிக்குமாறு கூற, எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பெற்றவர் ஏறக்குறைய 134,000 பேரே.

என் தந்தையாரின் விண்ணப்பம் தள்ளப்பட்டமைக்குக் காரணம் பதினான்கு மாதம். 1940இல், தாயார் நோயுற்றிருக்கிறார் என்று கடிதம் வரவே, பதினைந்து வயதுச் சிறுவனாகத் தம் தந்தையோடு ஊருக்குச் சென்றார். தாய் இறந்தபின் கருமாதி முடித்து, வழிச்செலவுக்குப் பணந் தேடித் திரும்புவதற்குள் பதினான்கு மாதம் கழிந்துவிட்டது. தாய்க்குக் கொள்ளி வைக்கச் சென்றமையால் ஒருவன் தன் நாட்டை இழந்தான்! அதன் நியாயத்தை எனக்கு விளக்கவல்லார் எவரையும் இன்றுவரை கண்டேனல்லேன். எஞ்சிய ஆண்டுகளுக்கேனும் சான்று இருந்ததோவெனில், அதுவும் செக்றோலிலே இருந்தது. செக்றோல் தோட்டத்து ஒப்பீசிலே இருந்தது. ஒப்பீசுப் படியேறித் துரையிடம் பத்திரங் கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? கிளாக்கர் எழுதியவாறே பெயர்கள் நின்றன. என் தாயாரின் பெயர் மூன்று தாள்களிலே மூன்று விதமாக உள்ளது.

அமெரிக்கப் பிரசையான நண்பர்களின் கட்டுரைகளைப் படிக்குந்தோறும் அந்நாட்டு வழக்கொன்று என் நினைவுக்கு வரும். சான் பிரான்சிஸ்கோ நகரிலே சீனப் பெற்றோருக்குப் பிறந்த வொங் கிம் ஆர்க் என்ற இளைஞர், சீனத்துக்குச் சென்று 1895இல் திரும்பியபோது, நீ எம் நாட்டவன் அல்லன் என்று துறைமுகத்திலே தடுக்கப்பட்டார். சீனத் தொழிலாளர் வருகையைச் சட்டத்தினாலே தடுத்திருந்த காலம் அது. ஆயினும் 1868ஆம் ஆண்டுப் பதினான்காந் திருத்தத்தின்படி, அந்நாட்டு மண்ணிலே பிறந்த அவர் அந்நாட்டவரே என்று 1898இல் அங்குள்ள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாடு நிறத்தாற் செய்த கொடுமைகள் பலவென்பதை மறந்தேனல்லேன். எனினும், ஊர் சென்று மீண்டவனை அவன் பிறப்பு அங்கே காத்தது, இங்கே காக்கவில்லை.

பின்னர் எங்களைப் பற்றிப் பேசியவை சட்டங்களல்ல, எண்கள். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி, சிறிமாவோ பண்டாரநாயக்கா அவர்களும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் கையொப்பமிட்ட உடன்படிக்கை 975,000 பேரைக் கணக்கெடுத்தது. 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேரை இலங்கை ஏற்கும். மிகுதி 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர். அம்மிகுதியை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவோரும் இதனினும் சற்று யோசித்தே செய்வர். பங்கிடப்பட்டவருள் ஒருவரிடமேனும் முன்கூட்டி அபிப்பிராயங் கேட்கப்படவில்லை. விண்ணப்பங் கோரியபோது இலங்கையை விரும்பினோர் தொகை மூன்று இலட்சத்தைப் பெரிதும் விஞ்சி நின்றது.

என் சிறிய தந்தையார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். 1973, 1974ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களிற் பஞ்சம் தலைவிரித்தாடியது. கிழங்கும் கீரையுமே உணவு. ஹட்டன் புகைவண்டி நிலையத்திலே அந்நாள்களில் எழுந்த அழுகுரலைக் கேட்டவர் மறவார். தலைமன்னார் வழியாகக் கப்பலேறிச் சென்ற அவர், நீலகிரியிலே மீண்டும் தேயிலைதான் பறித்தார். அங்கே அவருக்குச் 'சிலோன்காரர்' என்று பெயர். இங்கே இந்தியத் தமிழர், அங்கே சிலோன்காரர்! இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் போக இயலாமல், போர் மூண்டு கப்பலும் நின்றுபோக, இருபதாண்டு இரண்டுங்கெட்டானாய் லயத்திலே கிடந்தோரும் பலர்.

யாழ்ப்பாணத்து அன்பர்களுக்கு இவ்விடத்திலே ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பொன்னம்பலம் அவர்கள் 1948இல் முதற் சட்டத்தை எதிர்த்தார். அடுத்து மந்திரி சபையிலே சேர்ந்தார். இரண்டாஞ் சட்டம் வந்தபோது அரசாங்கத்தின் பக்கம் இருந்தார். செல்வநாயகம் அவர்கள் அதனை எதிர்த்துப் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் காங்கேசன்துறை வாக்காளர் அவரைத் தோற்கடித்தனர். மலைநாட்டாருக்காகத் தோற்கடித்தனர் என்று நான் கூறவில்லை. மலைநாட்டாருக்கு நேர்ந்தது அவர்களின் தீர்மானத்தை மாற்றவில்லை என்பது மட்டுந் தெளிவு. தோட்டத்துச் சிறுவர் சிறுமியர் வீட்டுவேலைக்காகக் குடாநாட்டுக்கு அழைத்துவரப்பட்ட காலத்திலேதான் நான் கல்லூரி விடுதியிலே இருந்தேன். என் வயதொத்த பையனொருவன் அயல்வீட்டிலே தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பான்; நான் புத்தகத்தோடு செல்வேன். இருவருக்கும் நாடில்லை. ஆசிரியர்கள் எனக்கு யாதொரு பேதமுங் காட்டாது கற்பித்தனர் என்பதையும் நன்றியோடு சொல்லல் வேண்டும்.

கல்வி முடிந்தபின் அரச உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமை எனக்கில்லை. ஹட்டனிலே ஒரு புடவைக்கடையிற் கணக்கெழுதினேன். 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம், நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறிற்று. தேர்தலும் நெருங்கியிருந்தது, அரசியல்வாதிகளின் மனம் அத்தகைய காலங்களிலேதான் இளகும். இந்தியாவுக்கு விண்ணப்பியாதவர் யாவரும் சட்டத்தின் இயக்கத்தினாலேயே இலங்கைப் பிரசைகளாயினர். நான் கடையிலே பேரேட்டிற் பற்று வரவு எழுதிக்கொண்டிருக்கும்போதே பிரசையாகிவிட்டேன். கொடியுமில்லை, கீதமுமில்லை. அடுத்த ஆண்டு சமாதான நீதவானொருவர் முன்னே சத்தியக்கடதாசி முடித்தேன். அவர் முத்திரையின் மேலே ஒப்பமிடும்போது தலை நிமிரவே இல்லை. வெளியே இருநூறு பேர் நின்றனர்.

சில ஆண்டுகளின் பின் ஆசிரிய நியமனத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் எனது பிரசாவுரிமையின் தரம் எனக்கு விளங்கிற்று. படிவத்திலே ஒரு வினா: 'பரம்பரைப் பிரசையா, பதிவுப் பிரசையா? பதிவாயின் சான்றிதழ் இலக்கம் யாது?' சட்டத்தின் இயக்கத்தாற் பிரசையானவனுக்கு இலக்கம் ஏது? எழுதுவினைஞர் இலக்கமின்றி ஏற்க மறுத்தார். நான்கு முறை அலைந்து, வேறோர் அலுவலகத்திலே சான்றிதழ் பெற்றுக் கொடுத்த பின்னரே விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இத்தனைக்கும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை, பிரசைகள் எவ்வாற்றானும் 'இலங்கைப் பிரசை' என்றே குறிக்கப்படுதல் வேண்டும், பெற்ற வழியைக் கொண்டு வேறுபாடு காட்டலாகாது என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறுகின்றது. நாட்டின் தலையாய சட்டம் ஒழித்த வேறுபாட்டைப் படிவம் அச்சிடுவோர் காப்பாற்றி வந்தனர்! இவ்வினா எந்தப் படிவத்திலே தோன்றினும் அதனை அடித்து நீக்கும்படி கேட்பது நம் உரிமை, சலுகையன்று.

2003ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பாராளுமன்றம் மற்றொரு சட்டத்தை இயற்றி, எஞ்சியோருக்கும் வழி செய்தது. கையில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோரும் அதிற் சேர்க்கப்பட்டனர். ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனத்தின் உதவியோடும் தொண்டர்களின் உழைப்போடும் பத்து நாளிலே ஏறக்குறைய 190,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டு இழுபட்ட வேலை பத்து நாளிலே முடிந்தது. மனமிருந்தால் எத்துணை எளிது!

ஆயினும், பிரசை என்பவனுக்கு ஒரு முகவரி வேண்டாமா? 1992இல் தோட்டங்களின் நிருவாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் விடப்பட்டது; நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, காம்பரா எவரது என்பதற்கு விடையில்லை. லயத்துக்கு வரும் கடிதம் ஒப்பீசு வழியாகவே வருவது வழக்கமாதலால், நேர்முகப் பரீட்சை முடிந்த பின் அழைப்புக் கடிதம் கையிற் கிடைத்த பிள்ளைகளை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்யும் தோட்டத்தாருக்கு அச்சபை ஒரு பாதையைத்தானும் திருத்திக் கொடுக்க இயலாதிருந்தது. அத்தடை நீங்கியது 2018இலே. ஏழு பேர்ச் காணியும் வீடும் என்ற திட்டத்தாற் பயன்பெற்றோர் உளர். இன்னும் லயத்திலே இருப்போர் தொகை பெரிது. வீடு கிடைத்தது, உறுதி கிடைக்கவில்லை என்று முறையிடுவோரும் உளர். நான் கருதுவது இதுவே: 1948இற் பறித்ததை 2003இலே காகிதத்தளவில் திருப்பிக் கொடுத்தனர், காணியுறுதி கைக்கு வரும்வரை அக்கணக்கு முடியாது.

கொழும்பிலே வழக்கறிஞர்களாகவும் நொத்தாரிசுகளாகவும் நம் பழைய மாணவர் பலர் இருக்கின்றனர். கடல்கடந்த அன்பர்கள் விழாவுக்கெனப் பணம் அனுப்புகின்றனர். மண்டபத்துக்கு வர்ணம் பூசிய பின் எஞ்சும் தொகையிலே, ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலே ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ ஐந்தாறு பேர் வந்து, பிறப்புச் சான்றிதழிற் பெயர்ப்பிழை திருத்தவும் காணியுறுதிக்கு விண்ணப்பம் எழுதவும் உதவலாம். மூன்று விதமாக எழுதப்பட்ட தாய்மாரின் பெயர்கள் இன்னும் ஆயிரக்கணக்கிலே உள்ளன. புகைவண்டி காலையிலே கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும். ஹட்டனிலே மண்டபமும் மதிய உணவும் என் பொறுப்பு.