கொக்குக்கும் இடம், குடியானவனுக்கும் இடம்



கரியாலூர்ப் பகுதியில் காடு, விலங்கு, பறவை ஆகியவற்றைக் காப்பது பற்றிப் பேச்செடுத்தால், பெரியவர்கள் எழுப்பும் முதல் வினா இதுவே: "சாமி, பறவைக்கு இடம் விட்டால் எங்களுக்கு இடம் எங்கே?" இதனை அறியாமையின் பேச்சென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. காட்டுப்பன்றி கிளறிய மரவள்ளிக் கொல்லையை விடியலில் கண்டு நிற்பவனுக்கு அவ்வாறு கேட்க முழு உரிமை உண்டு.

இவ்வினாவைப் பல தலைமுறைகளாகச் சந்தித்து வரும் மலைப் பள்ளத்தாக்கு ஒன்று பூட்டான் நாட்டில் உள்ளது. அதன் பெயர் போப்ஜிகா. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,900 மீட்டர், அதாவது நம் கல்வராயன் மலையைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்தது. நடுவே சதுப்பு நிலம். சரிவுகளில் உருளைக்கிழங்குக் கொல்லைகள். மேட்டில் காங்டே என்னும் பௌத்த மடம். ஆண்டுதோறும் அக்டோபர் இறுதியில் திபெத்தியப் பீடபூமியிலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் நூற்றுக்கணக்கில் இங்கு வந்திறங்கிப் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் திரும்புகின்றன.

நம் வயல்களில் மீனுக்குக் காத்து நிற்கும் வெண்கொக்கின் இனமன்று இது. நாலடிக்கு மேல் உயரமுடையது. ஒரே துணையோடு நெடுங்காலம் வாழ்வது. பெரும்பாலும் இரு முட்டைகள் இடும். பிழைப்பது பல வேளைகளில் ஒரு குஞ்சே. அக்குஞ்சு தன் முதற் பயணத்தைத் தாய் தந்தையரோடு சேர்ந்தே மேற்கொள்கிறது. வழியையும் தங்குமிடத்தையும் பெற்றோரே பிள்ளைக்குக் காட்டுகின்றனர்.

இப்பறவை மனிதனை விட்டு ஒதுங்கி வாழ்வதன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். பகலில் அது மேய்வது அறுவடை முடிந்த கொல்லைகளிலும், மாடு மேய்ந்த புல்வெளிகளிலும்தான். சிந்திய தானியமும், மண்ணில் தங்கிய கிழங்கும், வேரும், புழுவும் அதன் உணவு. இரவில் நரி முதலியவை எளிதில் அணுகாத ஆழமற்ற நீரில் நின்று உறங்கும். ஆகவே சதுப்பு அழிந்தாலும் அதற்கு வாழ்வில்லை. உழவு ஒழிந்தாலும் அதன் உணவு குறையும்.

எனினும் இந்த நட்புக்கு ஒரு விலை உண்டு. சதுப்பை வடித்துக் கிழங்கு பயிரிட்டால் கூடுதல் பணம் காணலாம். மின்சாரமோ அப்பள்ளத்தாக்கிற்குத் தாமதமாகவே வந்தது; உயரத்தில் செல்லும் கம்பிகளில் கொக்குகள் மோதி மடியும் என்பதே காரணம். இறுதியில் கம்பிகளை நிலத்துக்கடியில் புதைத்து வீடுகளுக்கு விளக்கேற்றினர். செலவு மிகுதிதான். ஆயினும் வெளியார் உதவியும் சேர்ந்து அதனைச் சுமந்ததால், குடியானவன் இருளிலும் இருக்கவில்லை, கொக்கும் சாகவில்லை. 1998 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 11-ஆம் நாள் மடத்து முற்றத்தில் கொக்குத் திருவிழா நடைபெறுகிறது. பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேடமிட்டு ஆடுகின்றனர்.

நம் நாட்டிலும் அருணாசலப் பிரதேசத்தின் சாங்தி, செமிதாங் பள்ளத்தாக்குகளுக்கு இக்கொக்குகள் சிறு எண்ணிக்கையில் வருகின்றன. அங்குள்ள மோன்பா மக்கள் அவற்றைப் புனிதமாக மதிப்பவர்கள். செமிதாங் பகுதியில் நியாம்ஜாங் சூ ஆற்றின் மீது 780 மெகாவாட் நீர்மின் திட்டம் வகுக்கப்பட்டபோது, அணை அமையவிருந்த இடம் கொக்குகள் தங்கும் இடமாயிருந்தது. மக்கள் வழக்காடினர். 2016 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அத்திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. பறவைக்காகப் பேசிய அவர்கள் தங்கள் ஆற்றுக்காகவும் பேசினார்கள்.

தமிழகத்திற்கும் இது புதிதன்று. வேடந்தாங்கல் உழவர்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடலாகாதென்று 1798-லேயே வெள்ளையர் ஆட்சியிடம் உரிமைச் சீட்டு பெற்றவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன.

இவ்வூர்கள் அனைத்திலும் பறவையைக் காத்தவர் அங்கு வாழ்ந்த மக்களே. அவர்களை அப்புறப்படுத்திவிட்டுக் காத்ததன்று. அதே வேளையில், சுமை முழுவதையும் ஏழை உழவன் தலையில் ஏற்றிவிட்டு, அழகை மட்டும் பட்டணத்தார் கண்டு மகிழ்வது நீதியாகாது. பன்றி அழித்த கொல்லைக்கு உரிய ஈடு காலத்தில் கிடைக்கட்டும். காட்டைப் பற்றிய முடிவுகளில் மலைமக்களின் சொல்லும் ஏறட்டும். இவற்றைக் கேட்பது பறவைக்குப் பகையாவதன்று.

நம் பங்கிலும் செய்யத்தக்கவை உண்டு. நம் குடும்பங்களில் உண்டிவில் ஏந்தும் சிறுவனைத் தந்தை அழைத்து, கூட்டில் காத்திருக்கும் குஞ்சைப் பற்றிச் சொல்லட்டும். நீரோடைக் கரையில் பூச்சிமருந்துக் கலங்களைக் கழுவாதிருப்போம். ஊர்க் குட்டையைத் தூர்த்து இடம் பிடிக்கும் ஆசையை அடக்குவோம். அக்குட்டையில் நீர் நின்றால் பறவைக்கு மட்டுமன்று, கோடையில் நம் மாடுகளுக்கும் கிணற்றுக்கும் அதுவே ஆதாரம்.

"எங்களுக்கு இடம் எங்கே?" என்று கேட்ட பெரியவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுவே: உங்கள் இடத்தில் நீங்கள் உறுதியாக நின்றால்தான், பறவைக்கும் அங்கே இடம் நிலைக்கும்.